வழிபாடு காத்த தூண்கள்

மத்தியதரைக் கடலின் நடுவே முக்கோண வடிவாய்க் கிடக்கும் சிசிலித் தீவை அண்மையிற் கண்டு வந்தேன். பழம்பொருளைக் காப்பன வேலியும் காவலுமே என எண்ணுவோர் அத்தீவின் கோயில்களைக் காணல் வேண்டும்.

அக்ரிஜெந்தோ நகரையடுத்த மேட்டில், கி. மு. 5ஆம் நூற்றாண்டிற் கிரேக்கர் எடுத்த கோயில்கள் வரிசையாய் உள்ளன. அவற்றுள் சீயஸ் தேவனின் பெருங்கோயில் இன்று கற்குவியலே. இடிந்து கிடந்த அதன் கற்களை 18ஆம் நூற்றாண்டிலே துறைமுகங் கட்டுவதற்கு எடுத்துச் சென்றனர். கொன்கோர்தியா கோயிலோ ஏறக்குறைய முழுமையாக நிற்கின்றது. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது கிறிஸ்தவ தேவாலயமாயிற்று. கல்லைப் பயன்படுத்தியோர் கோயிலை இழந்தனர். கோயிலைப் பயன்படுத்தியோர் அதனைக் காத்தனர்.

சிராக்கூசா நகரில் இவ்வுண்மையைக் கையாலேயே தொட்டுணரலாம். அங்கு அதீனா தேவியின் கோயிற்றூண்களுக்கு இடையே சுவரெழுப்பி, 7ஆம் நூற்றாண்டிலே பேராலயமாக்கினர். 1693இல் நேர்ந்த பூகம்பத்தில் முகப்பு வீழ்ந்தது, தூண்கள் நிலைத்தன. அவற்றுள் ஒன்றைத் தடவி நின்றேன். அதன் நிழலில் மூதாட்டி ஒருத்தி செபித்துக் கொண்டிருந்தாள்.

சிசிலியர் தம் வாழ்வோடு பிணைத்துக் கொண்டது கோயிலை மட்டுமன்று, எரிமலையையுந்தான். 1669இல் எட்னா கக்கிய தீக்குழம்பு கட்டானியா நகர்வரை ஓடிற்று. பூகம்பத்தின் பின் அந்நகரை மீண்டும் எடுப்பித்தவர்கள், குழம்பு இறுகிய கருங்கல்லையே கட்டடங்களுக்குப் பயன்படுத்தினர். மலைச் சரிவிலே திராட்சைக் கொடிகள் செழிக்கின்றன.

யுனெஸ்கோ 2013இல் எட்னாவை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பட்டியல் புகழ் தரும். உயிர் தருவது, மரபோடு நாளும் பழகும் மக்களின் வாழ்வேயாகும்.