அகல்துளை வில்லையும் முகப்படமும்

ஒளிப்படக்காரர்கள் ‘பாஸ்ட் பிரைம் லென்ஸ்’ என்று ஒன்றைப் பெரிதும் பாராட்டுவர். மனிதர் முகத்தைப் படமெடுக்க அதனினும் ஏற்றது வேறில்லை என்பது அவர்தம் கருத்து. இப்பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கப் புகுவார் இருமுறை இடறுவர். ‘பாஸ்ட்’ என்பதை விரைவு எனக் கொண்டு ‘விரைவில்லை’ என எழுதினால், படிப்பவர் ‘விரைவு இல்லை’ என்றே பிரித்துப் பொருள் கொள்வர். ‘பிரைம்’ என்பதை முதன்மை எனக் கொண்டால், ஏனைய வில்லைகள் தாழ்ந்தவை என்ற பிழையான எண்ணம் தோன்றும்.

உண்மையில் அவ்வில்லையில் விரைந்து ஓடுவது எதுவுமில்லை. ஒளி புகும் துளை அகன்றிருத்தலின், படம் பதிவதற்கு வேண்டிய நேரம் குறைகிறது. அதனையே விரைவு என்றனர். குவியத் தொலைவு மாறாது ஒரே அளவில் நிற்கும் வில்லையைப் ‘பிரைம்’ என வழங்குகின்றனர். ஆகவே ‘அகல்துளை நிலைக்குவிய வில்லை’ என்பதே பொருள் விளங்கும் பெயராகும். சுருக்கம் கருதி, ஈண்டு அஃது ‘அகல்துளை வில்லை’ எனக் குறிக்கப்பெறும்.

வில்லையின்மீது பொறித்துள்ள 50, 85 போன்ற எண்கள் குவியத் தொலைவை மில்லிமீட்டரில் குறிப்பன. 1.8, 4, 5.6 போன்றவை துளையெண்கள். குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுக்கக் கிடைப்பது துளையெண். எனவே எண் சிறுத்தால் துளை பெருக்கும். 50 மி.மீ. வில்லையில் துளையெண் 1.8 ஆயின், துளையின் விட்டம் ஏறத்தாழ 28 மி.மீ.; துளையெண் 5.6 ஆயின் 9 மி.மீ. அளவே. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், முன்னது பின்னதைவிட ஒன்பது மடங்குக்கும் மேலான ஒளியை உள்ளே விடும். குறுகிய மடையில் நெடுநேரம் பாய வேண்டிய நீர், அகன்ற மடையில் சிறுபொழுதில் பாய்ந்து வயலை நிரப்புவது போன்றது இது. பின்னதற்கு ஆறில் ஒரு நொடி வேண்டுமிடத்து, முன்னதற்கு அறுபதில் ஒரு நொடி போதும். ஆறில் ஒரு நொடி நேரம் எதிரே இருப்பவர் சற்றே அசைந்தாலும் முகம் கலங்கிவிடும்.

இக்கலை தோன்றிய நாளிலேயே இவ்விடர்ப்பாடும் தோன்றிவிட்டது. 1839-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு தாகேர் தம் முறையை வெளியிட்டபோது, ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. கட்டடம் அசையாது நிற்கும், மனிதன் நிற்பானா? தலையைப் பின்புறமிருந்து இரும்புக் கவையால் தாங்கிப் பிடித்துப் படமெடுத்தனர். வியன்னாப் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் யோசெப் பெட்சுவால் என்பார், 1840-ஆம் ஆண்டில் துளையெண் 3.6 உடைய முகப்பட வில்லையைக் கணக்கிட்டு வகுத்தார். வோய்க்ட்லெண்டர் நிறுவனம் அதனைச் செய்து விற்றது. துளையெண் 16 அளவினவாயிருந்த அக்கால வில்லைகளோடு ஒப்பிட, அஃது இருபது மடங்களவு ஒளியைத் தந்தது. மருந்துப் பூச்சும் திருந்தியபின், அமர்ந்திருக்க வேண்டிய நேரம் ஒரு நிமிடத்திற்கும் கீழே இறங்கியது. இக்கலை நம் பக்கம் வர நெடுநாள் ஆகவில்லை. 1843-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் துத்ரோங்குவா என்னும் விடுதிக்காரர், இரண்டே நிமிடத்தில் முகப்படம் எடுத்துத் தருவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார்.

ஆயினும் தோட்டப்புறத் தமிழர்க்கு முகப்படம் எளிதிற் கிட்டிய பொருளன்று. 1948-ஆம் ஆண்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், மலாயாவில் 12 அகவைக்கு மேற்பட்டோர் ஒளிப்படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. படக்கடைப் பக்கமே போயறியாத பால்மரத் தொழிலாளர் பலரும் படக்கருவியின் முன் நிற்க நேர்ந்தது அப்போதுதான். பாட்டன் பாட்டி மறைந்தபின், அட்டையிலிருந்த அந்தச் சிறு படத்தையே பெருக்கிச் சட்டமிட்டு, மாலை சூட்டி மாட்டிய வீடுகள் உண்டு. அரசுக்கு அடையாளம் காட்ட எடுத்த படம் அது. அதில் பாட்டி சிரித்திருக்கமாட்டார்; அவர் உட்கார்ந்து வெற்றிலை மடித்த திண்ணையும் இராது.

இன்று பேரப்பிள்ளைகள் வாங்கும் கருவிகளோடு, விலை குறைந்த 50 மி.மீ. அகல்துளை வில்லையும் எளிதிற் கிடைக்கிறது. இருண்ட வீட்டின் உட்புறத்திலும், மின்னல் விளக்கைக் கண்ணில் அடிக்காமல், வாயில் வழி வரும் ஒளியிலேயே முதியவரைப் படமெடுக்க அது துணைசெய்கிறது. மின்னல் விளக்கு முகத்தின் மேடுபள்ளங்களை மழுக்கிவிடும். பக்கவாட்டில் வரும் வாயில் ஒளியோ, கன்னத்துச் சுருக்கத்தையும் கண்ணின் ஈரத்தையும் உள்ளவாறே காட்டும்.

அதனைப் பயன்படுத்தியோர் கூறும் அனுபவங்களில் நன்மையோடு குறையும் உண்டு. தெளிவாகப் பதியும் ஆழம் மிகச் சிறிது என்பது முதற் குறை. முழுச் சட்டகக் கருவியில் 85 மி.மீ. வில்லையைத் துளையெண் 1.8-இல் வைத்து 2 மீட்டர் தொலைவில் நின்றெடுத்தால், தெளிவின் ஆழம் ஏறத்தாழ 6 செ.மீ. மட்டுமே. 50 மி.மீ. வில்லையோடு 1 மீட்டர் அளவு நெருங்கினால் அது 4 செ.மீ. அளவாகும். மூக்கு நுனி தெளிந்து கண் மங்கிய படங்கள் இவ்வாறு பிறப்பவையே. தெளிவை மூக்கிலன்றி, கருவிக்கு அருகிலுள்ள கண்ணில் நிறுத்துக என்பது அனுபவமுடையோர் அறிவுரை. புதிய கருவிகள் பல, கண்ணைத் தாமே கண்டு தெளிவை நிறுத்துகின்றன. அவ்வசதி இல்லாதவர், தெளிவை நிறுத்தியபின் முன்னும் பின்னும் சாயாமல் மூச்சடக்கி அழுத்துதல் வேண்டும்.

இருவரைச் சேர்த்தெடுக்கையில் ஒருவர் தெளிந்து மற்றவர் மங்குவது இரண்டாவது குறை. இருவரையும் கருவிக்கு ஒரே தொலைவில் அமர்த்தி, துளையெண்ணை 4 அல்லது 5.6 ஆக்கினால் இது நீங்கும். மூன்றாவது, இடம் பற்றியது. உருவைப் பெருக்கவும் சுருக்கவும் இவ்வில்லையால் இயலாது. எடுப்பவரே நடக்க வேண்டும். சிறிய அறையில் 85 மி.மீ. வில்லையோடு பின்வாங்குவார்க்குச் சுவர் முட்டும். அங்கே 50 மி.மீ. உதவும். ஆயின் அரை மீட்டர் அளவுக்கு நெருங்கின் மூக்குப் பெருத்துக் காதுகள் ஒடுங்கித் தோன்றும். நான்காவது, துளையை முழுதும் திறந்தால் வெள்ளைச் சேலையின் ஓரத்தில் ஊதா நிறக் கோடு படிவதுண்டு. துளையைச் சற்றுக் குறுக்கினால் அது குறையும்.

கருநிற முகத்தின் பின்னே வெள்ளைச் சுவரோ வெயில் முற்றமோ இருப்பின், கருவி அவ்வெண்மையையும் கூட்டிக் கணக்கிட்டு முகத்தை இருளாக்கிவிடும். பாட்டியை வாயிலுக்குப் புறங்காட்டி அமர்த்தாமல், ஒளிபடுமாறு திருப்பி அமர்த்துதல் நலம். கருவியின் அளவுக்கு மேல் சிறிது ஒளியைக் கூட்டியும் பார்த்தல் வேண்டும்.

இனி, இவ்வில்லையின் சிறப்பென எல்லாரும் போற்றுவது, பின்புலத்தைக் கரைத்து முகத்தை மட்டும் நிறுத்துவதாகும். அங்கேதான் எண்ணிப் பார்க்க வேண்டியதும் உளது. சிரம்பான் வட்டாரத்தில் லயங்கள் பல இடிக்கப்பட்டுவிட்டன. ரப்பர் நின்ற நிலங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துள்ளன. எஞ்சிய பழைய வீட்டின் முன் அமர்ந்திருக்கும் முதியவரை முழுத் துளையில் எடுத்தால், பலகைச் சுவரும் சாமி மாடமும் முற்றத்து முருங்கையும் பஞ்சுபோல் கரைந்துபோகும். முகம் அழகாக நிலைக்கும். அவர் வாழ்ந்த இடம் அழியும். அடையாள அட்டைப் படத்தில் இல்லாத திண்ணை, இப்படத்திலும் இல்லாமற் போகும்.

ஆதலின் ஒரே அமர்வில் இரண்டு படங்கள் எடுத்தல் வேண்டும். துளையெண் 1.8-இல் முகத்திற்கு ஒன்று. துளையெண்ணை 8-க்கு உயர்த்தி, சற்றுப் பின்னே நகர்ந்து, வீட்டோடு சேர்த்து மற்றொன்று. பின்னதற்கு நேரம் கூடுமாதலின் கருவியை முக்காலியில் வைத்தல் நன்று. முதியவரை ஒருகணம் அசையாதிருக்கச் சொல்லுதலும் வேண்டும். பள்ளி மாணவர்க்குக் குடும்ப வரலாறு எழுதும் பயிற்சி தரும் ஆசிரியர்கள், இவ்விரு படங்களையும் எடுத்துவரச் சொல்லலாம். படத்தின் பின்புறம் முதியவரின் பெயர், தோட்டத்தின் பெயர், எடுத்த நாள் ஆகிய மூன்றையும் எழுதச் சொல்லுதல் அதனினும் இன்றியமையாதது.