பாட்டுகளைச் சேமிக்க நாஸ் வாங்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பாட்டுகளை ஒரே இடத்தில் போட்டு வைத்து டிவி, மொபைல், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் கேட்க முடியுமா? முடியும். அதற்கான சாதனம்தான் நாஸ். நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்பதன் சுருக்கம். ஹார்ட் டிஸ்க் பொருத்திய ஒரு சிறு பெட்டி, லேன் கேபிள் மூலம் ரவுட்டரில் இணைந்திருக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்யாமலே பாட்டு கேட்கலாம்.

சினிமாப் பாட்டுகளுக்கு மட்டும் என்றால் இது வேண்டாம் என்பேன். அவை இன்டர்நெட்டிலேயே கிடைக்கின்றன. கொட்டிவாக்கத்தில் என் வீட்டில் இருப்பவை வேறு ரகம். அப்பா ரேடியோவிலிருந்து பதிவு செய்த கச்சேரி கேசட்டுகள் சுமார் 200. அக்கா கல்யாண நாதஸ்வரமும் அவற்றில் உண்டு. இவை போனால் வேறெங்கும் கிடைக்காது.

எவ்வளவு இடம் வேண்டும்? சிடி தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு சுமார் 635 எம்பி. அதையே ஃபிளாக் பைலாக மாற்றினால் தரம் குறையாமல் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். 200 கேசட்டுகளுக்கும் எனக்கு ஆனது 75 ஜிபிதான். எனவே கடையில் நான்கு டிஸ்க் போடும் பெட்டியைக் காட்டினால் மயங்க வேண்டாம். 1 டிபி டிஸ்க்கே தாராளம். (விண்டோஸ் அதை 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைக்காதீர்கள், கணக்கிடும் முறைதான் வேறு.) வேகமும் பிரச்சினை இல்லை. சிடி தரத்துக்கு 1.4 எம்பிபிஎஸ் போதும்.

உங்கள் ரவுட்டரின் பின்புறம் யு.எஸ்.பி. போர்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பைல் ஷேரிங் வசதி இருந்தால், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கை அதில் செருகியே காரியத்தை முடித்துவிடலாம்.

இரண்டு டிஸ்க் கொண்ட நாஸில் ரெய்டு 1 என்ற வசதி உண்டு. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதிவாகும். ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது காப்பாற்றும். இதையே பேக்கப் என்று பலர் நம்புகிறார்கள். தவறுதலாக ஒரு போல்டரை டெலீட் செய்தால் இரண்டிலும் அழியும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளில் தரைத்தளம் மூழ்கியதே, அப்படி ஒரு வெள்ளத்தில் இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகவே நனையும்.

வெளியூரிலிருந்து கேட்கும் வசதியையும் ஆன் செய்யாதீர்கள். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் வைத்திருந்த பலருடைய டேட்டா, இன்டர்நெட் வழியாக நுழைந்தவர்களால் அழிக்கப்பட்டது. 2015-க்குப் பிறகு அப்டேட் வராத மாடல் அது. வாங்கும் முன், அப்டேட் இன்னும் எத்தனை வருடம் வரும் என்று கேளுங்கள்.

கடலோரக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆகவே ஜன்னல் ஓரத்தில் வைக்க வேண்டாம். கரண்ட் போனால் ஒழுங்காக ஷட் டவுன் ஆக ஒரு சிறு யுபிஎஸ் அவசியம்.

இன்னொரு பிரதியை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து மதுரையில் அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன். பொங்கலுக்குப் போகும்போது புதியவற்றைச் சேர்ப்பேன். அந்த டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் முறையில் பார்மட் செய்யுங்கள். நாஸுக்குள் இருக்கும் டிஸ்க் பெரும்பாலும் லினக்ஸ் பார்மட்டில் இருக்கும். அதைக் கழற்றி விண்டோஸில் மாட்டினால் நேரடியாகத் திறக்காது.