ஒரு மணியும் இரு சபைகளும்



புறக்கோட்டைப் பிரதான வீதிக்குப் பொருள் வாங்கச் செல்லும்போது, சன நெரிசலின் நடுவே நிற்கும் பழைய மணிக்கோபுரத்தைக் கண்டிருப்பீர்கள். கேமன் வாயில் எனப்படும் அவ்விடத்து மணி, பதினாறாம் நூற்றாண்டில் கோட்டை இராச்சியத்தின் தலைநகரிலிருந்த போர்த்துக்கேயரின் புனித பிரான்சிஸ்கு ஆலயத்துக்குரியது என்பர். திருப்பலிக்கு அழைத்த அம்மணியே, பின்னர் ஒல்லாந்தர் காலத்தில் மதுக்கடைகளை மூடும் நேரத்தை அறிவித்தது.

அங்கிருந்து சிறிது தூரத்தில், மேட்டின் மீது, 1757இல் கட்டி முடிக்கப்பட்ட ஒல்லாந்த சீர்திருத்தச் சபையின் வுல்பெண்டால் தேவாலயம் நிற்கின்றது. அதைக் கட்டிய ஆட்சியாளர்களே 1658இல், கத்தோலிக்கக் குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கினார்கள். 1687இல் கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த புனித யோசேப் வாஸ் அடிகளார், மாறுவேடத்தில் மறைந்து மறைந்தே மந்தையைத் தேட வேண்டியிருந்தது. இறுதியில் அவருக்கு நிழல் கொடுத்தவர் யார்? கண்டியின் பௌத்த மன்னரே! கிறிஸ்தவரால் துரத்தப்பட்ட கிறிஸ்தவரை, கிறிஸ்துவை அறியாத மன்னர் காத்தார். எத்துணை வெட்கத்துக்குரிய செய்தி!

இவ்வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால், பிளவுக்கான குற்றம் இரு தரப்பிலும் உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏடு ஏற்றுக்கொண்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனை மறைத்துவிட்டு, நம் காயங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது நேர்மையன்று.

இன்று பிளவு கோட்டை மதிலில் இல்லை. நம் வீட்டு விறாந்தையில் இருக்கின்றது. உடன்பிறந்தவர் ஒருவர் வேறு சபைக்குச் சென்றதும் "அல்லேலூயாக்காரர்" என்று நகைக்கின்றோம். அவரோ, நம் சுருபங்களைச் சுட்டி "விக்கிரகம்" என்கின்றார். பின்னர் மரண வீட்டில்கூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தம்மைப் பின்பற்றாத ஒருவர் ஆண்டவரின் பெயரால் பேய்களை ஓட்டியதைத் தடுக்க முயன்றதாக யோவான் பெருமையோடு சொன்னபோது, ஆண்டவர் அதை ஏற்கவில்லை. மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்புப் பெருவிழா நாளன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் நம்மவர் மாண்டனர். அதே காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைச் சிறுவர்கள் பலர் மாண்டனர். அங்கு வந்த குண்டுதாரி முதலில் மட்டக்களப்பு மரியன்னை பேராலயத்துக்கே சென்றதாகவும், திருப்பலி முடிந்திருந்தமையால் சீயோனை நாடியதாகவும் அந்நாட்களில் செய்திகள் வெளியாயின. நமக்கென வந்த சாவை அச்சிறுவர்கள் ஏற்றார்களோ என்று எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகின்றது. அவர்களை "வேறு சபைப் பிள்ளைகள்" என்று சொல்ல நமக்கு நா எழுமா?

இதனால் வேறுபாடே இல்லையென்று நடிக்கச் சொல்லவில்லை. நற்கருணையைப் பற்றியும் அன்னை மரியாவைப் பற்றியும் நாம் விசுவசிப்பவை விட்டுக்கொடுக்கத்தக்கவை அல்ல. ஆயினும், தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் முறைப்படி நீரினால் பெறப்பட்ட திருமுழுக்கு எச்சபையில் அளிக்கப்பட்டிருந்தாலும், திருச்சபை அதனை மீண்டும் அளிப்பதில்லை. அவர்கள் ஆண்டவருக்குள் ஏற்கெனவே நம் உடன்பிறப்புகள். நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்!

ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரம் வருகின்றது. அந்நாட்களில் இல்லச் செபமாலையின் ஒரு பத்துமணியை, உங்கள் குடும்பத்திலிருந்து பிரிந்து சென்ற அந்த ஒருவரின் பெயரைச் சொல்லி ஒப்புக்கொடுங்கள். "திரும்பி வர வேண்டும்" என்ற நிபந்தனை வேண்டாம். பின்னர், தம் செபத்தில் அவர் உங்கள் பெயரையும் சொல்வதுண்டா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.