உப்பின் விலையை யார் கொடுத்தது?

இன்னைக்கு ஒரே ஒரு நாவலைப் பற்றித்தான் பேசப்போறோம். பட்ரிசியா ஹைஸ்மித் எழுதிய 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்', அதாவது 'உப்பின் விலை'. உங்களில் பலருக்கு 'கரோல்' என்று சொன்னால் உடனே தெரியும். 2015-ல் கேட் பிளான்செட்டும் ரூனி மாராவும் நடித்து, டாட் ஹெய்ன்ஸ் இயக்கிய படம். அதற்கு மூலம் இந்த நாவல்.

இதைப் பற்றிப் பேசும் எல்லாரும் முதலில் சொல்வது, 'லெஸ்பியன் காதல் சந்தோஷமாக முடிந்த நாவல்' என்பதுதான். அது தப்பில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று பார்த்தால்தான் தலைப்பு புரியும்.

முதலில் இது எப்படி எழுதப்பட்டது என்று பார்ப்போம். 1948, டிசம்பர், நியூயார்க். ஹைஸ்மித்துக்கு அப்போது 27 வயது. கிறிஸ்துமஸ் சீசனுக்காக புளூமிங்டேல்ஸ் என்ற பெரிய கடையில், பொம்மைப் பிரிவில் வேலைக்குச் சேர்கிறார். எதுக்குத் தெரியுமா? அப்போது அவர் ஒரு ஆணைத் திருமணம் செய்துகொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குத் தன்னைத் 'தயார்' செய்துகொள்ள மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தார். அந்தச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது.

அந்தக் கடைக்கு ஒருநாள் ஃபர் கோட் போட்ட ஒரு பெண் வருகிறார். மகளுக்குப் பொம்மை வாங்குகிறார், முகவரி கொடுக்கிறார், போய்விடுகிறார். அவ்வளவுதான். ஹைஸ்மித் அன்று இரவு வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரத்தில் முழுக் கதையையும் குறிப்பாக எழுதி முடிக்கிறார். அடுத்த நாள் காய்ச்சல். பார்த்தால், அம்மை போட்டிருக்கிறது! தன்னை 'மாற்றிக்கொள்ள' பணம் சேர்க்கப் போன இடத்தில்தான், மாறவே தேவையில்லை என்று சொல்லும் கதை அவருக்குக் கிடைத்தது.

சரி, கதைக்கு வருவோம். தெரீஸுக்கு 19 வயது. நாடக மேடைக்கு செட் வடிவமைப்பதுதான் அவள் கனவு. வாய்ப்பு கிடைக்கும்வரை ஒரு கடையில் பொம்மை விற்கிறாள். அம்மா உயிரோடு இருந்தும் அவளை விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டவர். கரோல், விவாகரத்துக்கு நடுவில் நிற்கும் பெண். அவளுக்கு ரிண்டி என்று ஒரு சின்ன மகள். இருவரும் காதலிக்கிறார்கள், காரில் மேற்கு நோக்கிக் கிளம்புகிறார்கள்.

பின்னாலேயே ஒரு தனியார் துப்பறிவாளர் வருகிறார். கரோலின் கணவர் ஹார்ஜ் அனுப்பிய ஆள். ஹோட்டல் அறையில் அவர்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்கிறார். எதற்கு? மகள் யாரிடம் வளர்வது என்ற வழக்கில் அதை ஆதாரமாகக் காட்ட. இது கற்பனை மட்டும் இல்லைங்க. ஹைஸ்மித்தின் முன்னாள் காதலி ஒருவர் இதே மாதிரி ஒரு ஒலிப்பதிவால் தன் மகளை இழந்தார் என்று வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

அந்தக் காலத்தை யோசிச்சுப் பாருங்க. 1952-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலின் முதல் பதிப்பை வெளியிட்டது. அதில் தன்பாலின ஈர்ப்பு ஒரு மனக்கோளாறு. அப்படி இருக்கும்போது அந்த ஒலிப்பதிவுக்கு முன்னால் ஒரு தாய் என்ன வாதாட முடியும்?

கரோலுக்கு ஒரு வழி கொடுக்கிறார்கள். 'இனி இப்படி இருக்க மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்தால் மகளைப் பார்க்கலாம். கொஞ்ச தூரம் இறங்கிப் போகிறாள். ஆனால் நிபந்தனைகளின் பட்டியல் நீண்டுகொண்டே போக, ஒரு கட்டத்தில் முடியாது என்கிறாள். பொய்யாக வாழ்ந்துகொண்டு மகளை வளர்ப்பதில் அர்த்தம் இல்லை என்று அவளுக்குத் தோன்றுகிறது. மகளை எப்போதாவது பார்க்கலாம் என்ற அளவில் வழக்கு முடிகிறது. விலையில் பெரிய பங்கு இதுதான்.

தெரீஸ் பக்கம் வேறு மாதிரி. தனியாக நியூயார்க் திரும்பியவள் தன் வேலையைத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறாள். கரோல் 'என்னோடு வந்து இரு' என்று கேட்கும்போது முதலில் மறுக்கிறாள். அன்று மாலை நாடகக்காரர்களின் விருந்துக்குப் போகிறாள். அவளை விரும்பும் ஒரு நடிகையைச் சந்திக்கிறாள். புதிய உலகம், புதிய வாய்ப்பு எல்லாம் கண்முன்னால் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் கரோலைத் தேடிப் போகிறாள். எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியம். போக்கிடம் இல்லாமல் போய் ஒட்டிக்கொள்ளும் பெண்ணாக இல்லை, தனக்கென்று ஒரு கலையும் வேறு வழிகளும் இருந்தும் தேர்ந்தெடுத்துப் போகும் பெண்ணாக அவள் போகிறாள். படத்தில் தெரீஸைப் புகைப்படக்காரியாக மாற்றினாலும் இந்த ஓட்டத்தை விடவில்லை.

இந்த முடிவு ஏன் அவ்வளவு அபூர்வம்? அதே 1952-ல் மேரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற புனைபெயரில் 'ஸ்பிரிங் ஃபயர்' என்ற நாவலை வெளியிட்டார். அவருடைய பதிப்பாசிரியர் போட்ட நிபந்தனை: காதல் சந்தோஷமாக முடியக் கூடாது. காரணம் தபால்துறை. இப்படிப்பட்ட வாழ்க்கையை நல்லதாகக் காட்டும் புத்தகங்களை ஆபாசம் என்று தபாலில் பறிமுதல் செய்யலாம். கதாபாத்திரம் செத்தால் அல்லது பைத்தியமானால் புத்தகம் பத்திரமாக வாசகர் கைக்குப் போய்விடும். இத்தனை கதைகளில் இந்தப் பெண்கள் அழிந்துபோனதற்குப் பின்னால் இப்படி ஒரு வியாபாரக் கணக்கும் இருந்தது.

ஹைஸ்மித்தின் வழக்கமான பதிப்பகம் இந்த நாவலை மறுத்தது. வேறு பதிப்பகத்தில், கிளேர் மார்கன் என்ற புனைபெயரில் வந்தது. அடுத்த ஆண்டு மலிவு பதிப்பு வந்தபோது கிட்டத்தட்ட 10 லட்சம் பிரதிகள் விற்றதாக அவரே பின்னால் எழுதினார். 'கிளேர் மார்கன்' பெயருக்குக் கடிதங்கள் கட்டுக்கட்டாக, மாதக்கணக்கில் வந்தன. தங்களைப் போன்றவர்களும் சந்தோஷமாக இருக்க முடியுமா என்று தெரியாமல் சிறு ஊர்களில் தனியாக இருந்தவர்கள் எழுதியவை பல.

அவரோ அது தன் புத்தகம் என்று சொல்லவில்லை. 1980-களில் ஒரு லெஸ்பியன் பதிப்பகம், சொந்தப் பெயரில் வெளியிட்டால் கூடுதல் பணம் தருவதாகச் சொன்னது. மறுத்துவிட்டார். 1990-ல்தான் 'கரோல்' என்ற தலைப்பில், பட்ரிசியா ஹைஸ்மித் என்ற பெயரோடு வந்தது. 38 ஆண்டுகள்! ஐந்தே ஆண்டுகளில், 1995-ல் இறந்துபோனார்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம்ம வீடுகளில் சொல்வார்கள். கரோல் இல்லாத நாட்களில் தெரீஸுக்கும் உலகத்திலிருந்து உப்பே போய்விட்ட மாதிரிதான் இருக்கிறது. அந்த உப்புக்குக் கரோல் கொடுத்தது தன் மகளை. ஹைஸ்மித் கொடுத்தது தன் பெயரை. பலன் அந்தக் கடிதங்களை எழுதியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

படம் பார்த்திருந்தாலும் நாவலைப் படிங்க. கடைசி இரண்டு பக்கங்களை மெதுவாகப் படிங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.