பொம்மைக் கடையை விழுங்கிய பூதம்

பொம்மைக் கடை மூடப்பட்டதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள், தோழர்களே! மூடப்பட்டது ஒரு கடையல்ல. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 735 கடைகள்! 2018 மார்ச்சில் முடிவு அறிவிக்கப்பட்டது. ஜூன் 29-ல் கடைசிக் கதவும் சாத்தப்பட்டது. ஏறத்தாழ 33,000 தொழிலாளர்கள் தெருவில் நின்றனர்.

கடையின் பெயர் 'டாய்ஸ் ஆர் அஸ்'. நடுவில் உள்ள எழுத்தைத் திருப்பிப் போட்டிருப்பார்கள், எழுதப் பழகும் குழந்தை கிறுக்கியதுபோல!

போரிலிருந்து திரும்பிய சார்லஸ் லாசரஸ் என்ற இளைஞர், 1948-ல் வாஷிங்டனில் தம் தந்தையார் சைக்கிள் பழுதுபார்த்த இடத்திலேயே தொட்டில் விற்கத் தொடங்கினார். தொட்டில் வாங்கியவர் மறுபடி வருவதில்லை. பொம்மை வாங்கியவரோ வந்துகொண்டே இருந்தார். பொம்மைதான் உடையுமே! 1957-ல் பொம்மைக்கென்றே தனிக்கடை. வேண்டியதை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் பெரிய கூடம் அது. பிறகு ஊருக்கு ஊர் கிளை. 1984-ல் கனடா, சிங்கப்பூர், 1985-ல் பிரிட்டன், 1991-ல் ஜப்பான்.

ஜப்பானில் சிறு கடைக்காரர்களைக் காக்க ஒரு சட்டம் இருந்தது. அதைத் தளர்த்தும்படி அமெரிக்க அரசு நெருக்கியது, தளர்ந்தது. 1992 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி புஷ், ஜப்பான் சென்றபோது அங்கே அந்தக் கம்பெனியின் கிளைக்கே நேரில் போனார்! ஒரு பொம்மைக் கடைக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

ஆனால், சின்ன மீனை விழுங்கியதைப் பெரிய மீன் விடுமா? 1998-ல் வால்மார்ட் அமெரிக்கப் பொம்மை வியாபாரத்தில் முதலிடத்தைப் பிடித்தது. வீட்டிலிருந்தபடியே வாங்கும் வசதியோடு அமேசானும் வந்தது. இந்தப் போட்டி பொய்யல்ல. அதுதான் கடையைக் கொன்றது என்று எழுதிவிட்டுப் பலர் பேனாவை மூடிவிட்டார்கள். நாம் கணக்கேட்டையும் புரட்டிப் பார்ப்போம்.

மாடு வாங்கக் கடன் வாங்கினால், கடன் யார் பேரில்? வாங்கியவன் பேரில்தானே! அங்கே நடந்ததோ வேறு. 2005-ல் கே.கே.ஆர்., பெய்ன் கேப்பிடல், வோர்னாடோ என்ற மூன்று நிறுவனங்கள் 660 கோடி டாலருக்குக் கம்பெனியை வாங்கின. கைக்காசு ஏறத்தாழ 130 கோடிதான். மற்றது 500 கோடிக்கு மேல் கடன். அந்தக் கடனைச் சுமந்தது வாங்கியவர்களல்ல, வாங்கப்பட்ட கடை! மாட்டை வாங்கிய கடனை மாட்டின் கழுத்திலேயே கட்டிவிட்டார்கள்! சட்டம் அதற்கு இடம் கொடுத்தது.

விளைவைப் பாருங்கள். 2016-ஆம் கணக்காண்டில் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் விற்பனை. கடைகளை நடத்தியதில் மிஞ்சியது ஏறத்தாழ 46 கோடி. வட்டிக்குப் போனதும் ஏறக்குறைய அதே தொகை! குழந்தைகள் பொம்மை வாங்குவதை நிறுத்திவிடவில்லை. கல்லாவில் விழுந்ததை வட்டி வழித்துக்கொண்டு போயிற்று. கடையைப் புதுக்கவும், போட்டிக்காரனைப் போல் விலையைக் குறைக்கவும் காசு ஏது? 2017 செப்டம்பரில் திவால் மனு. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே மேலதிகாரிகளுக்கு 1 கோடி டாலருக்கு மேல் ஊக்கத்தொகை தர நீதிமன்றம் அனுமதித்தது. திவாலான கம்பெனிக்கு ஊக்கம் வேண்டுமாம்!

பெட்டி தூக்கியவருக்கு? கல்லாவில் நின்றவருக்கு? இருபது, முப்பது ஆண்டு உழைத்தவருக்கு? வேலைநீக்க நஷ்டஈடாக ஒரு காசும் கிடையாது என்று கைவிரித்தார்கள்.

தொழிலாளர்கள் அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. வாங்கிய நிறுவனங்களின் வாசலில் நின்றார்கள். வாஷிங்டன் சென்று முறையிட்டார்கள். இந்தப் பண முதலைகள் ஆளும் பணத்தில் ஒரு பங்கு அரசு ஊழியர், ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து வருவது என்று கண்டுகொண்டு, அந்த நிதி நிர்வாகங்களின் கதவையும் தட்டினார்கள். உழைப்பவன் சேமிப்பை வாங்கி, இன்னோர் உழைப்பாளியின் வேலையைப் பறிக்கும் விந்தை அம்பலமாயிற்று!

2018 நவம்பரில் கே.கே.ஆரும் பெய்னும் இறங்கிவந்து 2 கோடி டாலர் நிதி அறிவித்தன. சட்டம் கேட்கவில்லை, தொழிலாளர்கள் கேட்டார்கள். 33,000 பேருக்கும் வகுத்தால் ஆளுக்கு ஏறத்தாழ 600 டாலர். மூன்றாம் பங்காளியான வோர்னாடோ அந்த நிதியில் சேரவில்லை.