பிபி மாத்திரையோடு வலி மாத்திரையும் சேர்ந்தால்... கிட்னிக்கு என்ன ஆகும்?

"டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைதானே, அதுல என்ன ஆகப்போகுது?" வீட்டில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. கிட்னி பாதிப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சர்க்கரை நோய், பிபி, மிஞ்சிப்போனால் பெயர் தெரியாத லேகியம். மருந்துச் சீட்டைக் காட்டி, பில் போட்டு வாங்கிய மாத்திரையும் கிட்னியைப் பாதிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இத்தனைக்கும் எந்த டாக்டரும் தப்பாக எழுதியிருக்க வேண்டியதே இல்லை.

எப்படி? 62 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிபிக்காகப் பல வருடங்களாகத் தினமும் ஒரு மாத்திரை போடுகிறார். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் 'டெல்மிசார்ட்டான் + ஹைட்ரோகுளோரோதயசைடு' என்று இருக்கிறது. மாத்திரை ஒன்று, மருந்து இரண்டு. முதலாவது ரத்தக் குழாய்களைத் தளர்த்தும்; இரண்டாவது சிறுநீரை அதிகமாக வெளியேற்றும். எழுதியவர் பொது மருத்துவர். இப்போது முழங்கால் வலி. எலும்பு டாக்டரிடம் போகிறார். 'அசெக்ளோஃபெனாக், 5 நாள்' என்று சீட்டு வருகிறது. அதுவும் சரியான சிகிச்சைதான். ஆனால், இரண்டு சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

வலி குறைகிறது, கிட்னிக்கு ஏன் அடி?

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். வயதாகும்போதோ, உடம்பில் நீர் குறையும்போதோ, உள்ளே வரும் குழாயைத் திறந்து வைத்திருப்பது 'புரோஸ்டாகிளாண்டின்' என்ற ரசாயனம்.

வலியையும் வீக்கத்தையும் தூண்டுவதும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன. முழங்காலுக்கு நிம்மதி. ஆனால், மாத்திரைக்கு முழங்கால் எது, கிட்னி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அங்கே உள்ளே வரும் குழாய் சுருங்குகிறது. டெல்மிசார்ட்டான் வெளியே போகும் குழாயை ஏற்கெனவே தளர்த்தி வைத்திருக்கிறது. நீர் மாத்திரை உடம்பின் நீரையும் குறைத்துவிட்டது. மாடித் தொட்டிக்கு வரும் பைப்பை இறுக்கி, கீழே போகும் பைப்பைத் திறந்துவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான். வடிகட்டத் தேவையான அழுத்தம் கிடைப்பதில்லை.

மருத்துவ உலகில் இதற்கு 'ட்ரிப்பிள் வேமி' என்று பெயர், அதாவது மும்முனை அடி. பிபி மருந்து எடுக்கும் 4.87 லட்சம் பேரின் பிரிட்டன் மருத்துவப் பதிவுகளை வைத்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியானது. மூன்றும் சேர்ந்தபோது திடீர் சிறுநீரக பாதிப்பு 31% கூடுதலாக இருந்தது. முதல் 30 நாட்களை மட்டும் பார்த்தால் 82%.

கொஞ்சம் தள்ளி ஒரு தகவல்: இந்தியாவில் கழுகுகள், அதாவது பாறு இனங்கள், கூட்டம் கூட்டமாக அழிந்ததற்கும் டைக்ளோஃபெனாக்தான் காரணம். அந்த மருந்து போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்று சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. 2006-ல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை மத்திய அரசு தடை செய்தது. மனிதர்களுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. குறுகிய காலத்துக்கு, ஆரோக்கியமான உடம்புக்கு இது பயனுள்ள மருந்தே.

5 நாள் சீட்டு 5 வருடம் ஓடுவது எப்படி?

இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'ஷெட்யூல் எச்' மருந்துகள். நடைமுறை நமக்கே தெரியும். காலி அட்டையை நீட்டினால் புது அட்டை வந்துவிடும். இல்லையென்றால் ஆப்பில் 'ரீஆர்டர்'. அட்டையில் 'பாராசிட்டமாலும்' சேர்ந்து அச்சாகியிருப்பதால், "காய்ச்சல் மாத்திரை மாதிரிதான்" என்ற தைரியம் வேறு.

கூடவே வரும் 'கேஸ் மாத்திரை'யையும் மறக்க வேண்டாம். பேன்டோபிரசோல் வகை மருந்துகள் சிலருக்கு ஒவ்வாமை போலச் சிறுநீரகத் திசுவில் அழற்சியை உண்டாக்கலாம். திடீர் சிறுநீரக பாதிப்பு வரலாம் என்ற எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்க்கும்படி 2019-ல் இந்திய மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது. அந்த மடித்த பேப்பரை நம்மில் எத்தனை பேர் பிரித்துப் பார்க்கிறோம்?

டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடுமே?

தெரியும், எண்ணைச் சரியாகப் படித்தால். ரத்தத்தில் கிரியாட்டினின் 1.2 என்று வந்தால் பல லேப் ரிப்போர்ட்டுகளில் அது 'நார்மல்' எல்லையை ஒட்டியே இருக்கும். ஆனால், 25 வயது ஆணுக்கு 1.2 என்றால் வடிகட்டும் திறன் (இஜிஎஃப்ஆர்) சுமார் 86. அதே 1.2, நாம் பார்த்த 62 வயது அம்மாவுக்கு வந்தால் சுமார் 51 மட்டுமே. 60-க்குக் கீழே 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். வலி இருக்காது. சிறுநீர் வழக்கம்போலவே போகும். அதனால் ரிப்போர்ட்டில் கிரியாட்டினினோடு நிறுத்தாமல் இஜிஎஃப்ஆர் வரியையும் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு பிபி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டெல்மிசார்ட்டான் போன்றவை நீண்ட கால நோக்கில் கிட்னியைக் காப்பவை. நிறுத்த முடியுமா என்று கேட்க வேண்டியது வலி மாத்திரையைப் பற்றித்தான். அளவோடு எடுத்தால் பாராசிட்டமால் கிட்னிக்குப் பாதுகாப்பானது. மேலே தடவும் ஜெல்லில் ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. எது பொருந்தும் என்பதை டாக்டர் சொல்லட்டும். அடுத்த முறை போகும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் பின்பக்கம் தெரிய போட்டோ எடுத்து அவரிடம் காட்டினால் போதும், வாயால் சொல்வதைவிட அது தெளிவு.

வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயிலில் நீரிழப்பு... இந்த நாட்களில் மேற்சொன்ன மூன்றும் சேர்வது இன்னும் ஆபத்து. சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, அன்றைக்கே டாக்டரைப் பார்த்து கிரியாட்டினின் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். மாத்திரையால் வந்த பாதிப்பு என்று சீக்கிரம் கண்டுபிடித்து, அந்த மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு கிட்னி பழையபடி வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.