ஜெட் காரும் ரப்பர் சக்கரமும்



மோட்டார் காரை முன்னே செலுத்துவது எது? இயந்திரம் என்போம். ஆயினும் இயந்திரம் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் தரையைப் பற்றிப் பின்னே தள்ளினால்தான் வண்டி நகரும். மழை பெய்த செம்மண் பாதையில் லாரியின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்வதைத் தோட்டத்தில் வாழும் நாம் கண்டிருக்கிறோம். அங்கே வலு உண்டு, பிடிப்பு இல்லை.

தரையில் மிக விரைவாக ஓட விரும்பியோருக்கும் இப்பிடிப்பே தடையாயிற்று. 1947-இல் ஜான் காப் என்பவர் மணிக்கு 634 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். அதன்பின் பல ஆண்டுகள் அதனை எவராலும் மிஞ்ச இயலவில்லை.

இதற்கு ஜெட் இயந்திரம் வழி காட்டியது. ஊதிய பலூனைக் கட்டாமல் விட்டால் காற்று பின்னே சீற, பலூன் முன்னே பாயும். ஜெட் இயந்திரமும் சூடான வாயுவைப் பின்னே பீய்ச்சி வண்டியை முன்னே தள்ளுகிறது. சக்கரம் தள்ள வேண்டியதில்லை; எடையைத் தாங்கி உருண்டால் போதும்.

1963-இல் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில், கிரெய்க் பிரீட்லவ் இத்தகைய மூன்று சக்கர வண்டியில் 655 கிலோமீட்டர் வேகம் கண்டார். 'மூன்றே சக்கரம், அவையும் தாமே உருள்பவை, இது காராகுமா?' என்ற வழக்கு எழுந்தது. மோட்டார் சைக்கிள் சம்மேளனமே அச்சாதனையை ஏற்றுக்கொண்டது!

அடுத்து அவரும் ஆர்ட் ஆர்ஃபன்ஸும் மாறி மாறிச் சாதனை படைத்தனர். ஒருவருக்குக் குட்இயர் டயர், மற்றவருக்கு ஃபயர்ஸ்டோன் டயர். 1964-இல் பிரீட்லவின் பாராசூட்டுகள் அறுந்து, பிரேக்குகளும் பயனற்றுப் போயின. வண்டி உப்புநீர்க் குளத்தில் விழ, அவர் நீந்தி உயிர் பிழைத்தார். சக்கரத்தால் அந்த வேகத்தை நிறுத்தவும் முடியாது என்பது அன்று தெளிவாயிற்று. 1965-இல் அவர் 966 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார்.

சுழலும் சக்கரத்தின் வேகம் இருமடங்கானால், அதன் விளிம்பைப் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும். ஆகவே பின்வந்த சில வண்டிகளில் ரப்பருக்கு இடமில்லாமற் போயிற்று. 1983-இல் 1,019 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற ரிச்சர்ட் நோபிளின் 'திரஸ்ட் 2' வண்டிக்கு அலுமினியச் சக்கரங்களே. 1997 அக்டோபர் 15-இல் ஆண்டி கிரீன் செலுத்திய 'திரஸ்ட் எஸ்.எஸ்.சி.' வண்டிக்கும் அவ்வாறே. இரண்டு ஜெட் இயந்திரங்கள் கொண்ட அவ்வண்டி, 1,228 கிலோமீட்டர் வேகத்தில் ஒலியையே முந்தியது. ஒரு மணி நேரத்திற்குள் எதிரெதிர்த் திசைகளில் இருமுறை ஓடிப் பெற்ற சராசரி இது. அந்த வேகத்தில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் செல்ல இரண்டு நிமிடம் போதும்.

ஆனால் கூட்டரசு நெடுஞ்சாலையில் நமக்குப் பாராசூட் இல்லை. காலியான உப்புவெளியும் இல்லை. செல்வது, திரும்புவது, நிற்பது ஆகிய மூன்றும் உள்ளங்கையளவு ரப்பர் தரையைப் பற்றுவதால் நடப்பவை. தேய்ந்த டயரோடு மழையில் விரைபவர் அந்தப் பிடிப்பையே இழக்கிறார். வண்டியை எடுக்குமுன் டயரைக் குனிந்து பார்ப்போமாக.